தொண்ணூற்றிரண்டும் பதினேழும்

நான் இதுவரை ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். அதை எழுதப் பதினோரு வருடம் ஆனது. படிக்க மூன்று மணி நேரம் போதும் என்கிறார்கள். படித்தவர்கள் அதிகம் இல்லாததால் இந்தத் தகவலைச் சரிபார்க்க முடியவில்லை. எங்கள் ஊர் கணபதியில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே வளரும் இரண்டு பையன்களின் கதை அது. ஒருவன் துணிச்சல்காரன், கணக்கில் புலி, அதிகம் பேசமாட்டான். இன்னொருவன் பயந்தாங்கொள்ளி, கணக்கு வராது, வாய் ஓயாது. ஆனாலும் ஒருவனை விட்டு ஒருவன் இருக்கமாட்டான். நாவல் வந்ததும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது, "இதுல நீங்க யாருங்க?" என்பதைத்தான். நான் பதில் சொல்லாமல் லேசாகச் சிரிப்பேன். கண்ணாடி முன் நின்று பழகிய சிரிப்பு. அதைப் பார்த்தவர்கள் நான்தான் துணிச்சல்காரன் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள்.

என் மனைவி மட்டும் ஏமாறவில்லை. அவள் காங்கேயத்துக்காரி. தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம், எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், என்னைத் தவிர. நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்து மூடி வைத்தாள். "நல்லா இருக்குதுங்க. இந்தத் தைரியமான பையன் உங்க சிநேகிதருங்களா?" என்றாள். அதற்காக நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவள் சொன்னது சரி. இப்போதாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நானும் அந்தச் சிநேகிதனும் ஒன்பதாவது படித்தபோது அரைப்பரீட்சை ரேங்க் கார்டு கொடுத்தார்கள். கணக்கில் நான் பதினேழு. அவன் தொண்ணூற்றிரண்டு. மறுநாள் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். என் அப்பா மில் தொழிலாளி, கோபக்காரர் இல்லை. ஆனால் பதினேழைப் பார்த்தால் யாரும் கோபக்காரர் ஆகிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஊட்டிக்கு ஓடிப்போய் ஏதாவது தேயிலை எஸ்டேட்டில் சேர்ந்து பெரிய ஆளாகித் திரும்புவது என்று தீர்மானித்தேன். காலையில் பள்ளிக்கூடப் பையோடு கிளம்பி, வழியில் அவனிடம் சொன்னேன். அவன் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "தனியாவா போவ? நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னான். தொண்ணூற்றிரண்டு வாங்கியவனுக்கு ஊட்டியில் என்ன வேலை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காந்திபுரத்தில் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். அங்கே ஊட்டி பஸ்ஸைத் தேடிக்கொண்டு நின்றபோது ஒரு கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தார். காக்கிச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கனிவான முகம். அவர் அதட்டியிருந்தால் நான் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். அதட்டவில்லை.

"எங்கீங்க கண்ணு போறீங்க? கூடப் பெரியவங்க யாரும் வல்லீங்களா?" என்றார்.

ஒன்பதாவது படிக்கிற பையனை இத்தனை மரியாதையாக ஒருவர் கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் புரியும். இப்படிக் கேட்கிறவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

"இல்லீங்க. நாங்க ஊட்டுக்குத் தெரியாம ஓடிப் போறமுங்க" என்றேன்.

"அப்படீங்களா. எந்த ஊருங்க?"

"கணபதீங்க."

"அப்பா பேரு என்னங்க?"

சொன்னேன். அவன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். பக்கத்து மளிகைக் கடையில் போன் இருக்கிறது, கூப்பிட்டால் வந்து பேசுவார்கள் என்று நம்பரையும் அவர் கேட்காமலே சொன்னேன். அவர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொறுமையாக எழுதிக்கொண்டார். "வெயிலா இருக்குது. ரெண்டு பேரும் அக்கட்டால நெழல்ல போய் உக்காருங்க கண்ணு" என்று டைம் கீப்பர் அறையைக் காட்டினார். நாங்கள் நல்ல பிள்ளைகளாகப் போய் உட்கார்ந்தோம். ஊட்டி பஸ் எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது.

"நம்பரையாச்சும் தப்பாச் சொல்லியிருக்கலாமில்ல" என்றான் அவன்.

"அவரு எவ்வளவு மரியாதையாக் கேட்டாரு" என்றேன் நான்.

பிறகு நான் அழ ஆரம்பித்தேன். கண்டக்டர் இரண்டு பன் வாங்கித் தந்தார். தின்றுகொண்டே அழுதேன், முடிந்ததும் அவனுடைய பன்னையும் வாங்கிக்கொண்டேன். மதியம் இரண்டு அப்பாக்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டி ஓட்டி வந்தது அவன் அப்பா. கணபதியில் சின்னதாக லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவன் எழுந்து நின்றான்.

"நாந்தானுங்க இவனக் கூட்டீட்டு வந்தேன். இவன் வரமாட்டேன்னுதான் சொன்னான்" என்றான்.

என் வாயில் பன் இருந்தது. இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன்.

அவன் அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இத்தனை மார்க் வாங்கியும் ஓடுகிறான் என்றால் இவனுக்குப் புத்தகத்தில் மனசு இல்லை, கையில் தொழில் இருந்தால் கால் ஓரிடத்தில் நிற்கும் என்று முடிவு செய்தார். அடுத்த திங்கட்கிழமை அவன் பட்டறைக்குப் போனான். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. என் அப்பாவோ பையன் உயிரோடு கிடைத்த சந்தோஷத்தில் ரேங்க் கார்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆபத்து அத்தோடு தீர்ந்தது. அடுத்த வருடங்களில் தட்டுத்தடுமாறி ஒரு பட்டம் வாங்கி, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். அங்கேயும் கூட்டலைப் பக்கத்து மேசைக்காரர்தான் சரிபார்ப்பார்.

இதையெல்லாம்தான் நாவலாக எழுதினேன். பஸ் ஸ்டாண்டு, வெயில், பன், திருநீறு எதையும் மாற்றவில்லை. ஆளை மட்டும் மாற்றிவிட்டேன். தொண்ணூற்றிரண்டு எனக்கு, பதினேழு அவனுக்கு. உளறியது அவன், அழுதது அவன், பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு எழுந்து நின்றது நான். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த அன்று எனக்கே என் மேல் மரியாதை வந்து கண் கலங்கியது. கலை என்றால் கொஞ்சம் மாற்றித்தான் எழுத வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சப்பைக்கட்டும் கட்டிக்கொண்டேன். அதைவிடப் பெரிய தைரியம் ஒன்று இருந்தது. அவன் புத்தகம் படிக்கிறவன் இல்லை.

படித்துவிட்டான். ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் கறை விரல்களோடு பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறான். அவனுக்கு இப்போது ஆறு பேர் வேலை செய்கிற சொந்தப் பட்டறை. சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் அங்கே டீ குடிக்கப் போவேன். "நல்லா இருக்குது மாப்ள. பஸ் ஸ்டேண்டு அப்படியே இருக்குது" என்றான். அவ்வளவுதான் விமரிசனம். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியை விட, என் நடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்கிற குறைதான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது.

அவனோ இருபது பிரதி வாங்கி வேலையாட்களுக்கும் சரக்கு வாங்க வருகிறவர்களுக்கும் கொடுத்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டறையில் ஒருவர் அவனைக் கிண்டல் செய்தார்.

"ஏனுங்க மொதலாளி, மேட்டுப்பாளையத்துல உக்காந்து அழுதுபோட்டீங்களாமா?"

"அழுகாம? கேட்டா ஊரே கூடீரும், அப்படி அழுதேனுங்க" என்று சிரித்தான் அவன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

அவனுக்கு ஒரே மகள். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். எங்கள் பகுதி வாசகர் வட்டத்தில் என் நாவலைப் பற்றிப் பேச ஏற்பாடு செய்தபோது, 'இரு நண்பர்கள்: ஓர் ஒப்பீடு' என்ற தலைப்பில் பேச அவள் முன்வந்தாள். எழுதிய தாள்களை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். நல்ல கையெழுத்து, என்னைவிட நல்ல தமிழ். துணிச்சல்காரனைப் பற்றி மூன்று பக்கம் புகழ்ந்திருந்தாள். நான் அதை இரண்டு முறை படித்தேன். பயந்தவனைப் பற்றி ஒரே பக்கம். 'அவனுக்குப் படிப்பு வராது. பயம் வரும். நண்பன் இல்லையென்றால் அவன் யாருமில்லை' என்று முடித்திருந்தாள்.

"மாமா, இது எங்கப்பாதானுங்களே?" என்றாள்.

"கதைதான கண்ணு" என்றேன்.

"அப்பாகிட்டக் கேட்டேனுங்க. ஆமா நாந்தான்னாரு. எனக்குப் படிப்பு ஏறல, கணக்கு சுத்தமா வராதுன்னு சின்ன வயசுல இருந்து சொல்லுவாருங்க. ஆனா இவ்வளவு பயந்தவருன்னு தெரியாது." அவள் தாள்களை அடுக்கி வைத்தாள். "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்குதுங்க மாமா. பரவால்ல, நீங்க இருந்தீங்கல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அவள் போன பிறகு, கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தனியாக ஒரு பெண்ணிடம் சொல்லத் துப்பில்லாதவன் மேடையில் சொல்வதாகத் தீர்மானித்ததில் கொஞ்சம் விளம்பர ஆசையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூட்டம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் போண்டாவுக்காக வந்தவர்கள் என்பது கீழே அடுப்பு மூட்டியதும் தெரிந்தது. நண்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மகள் நன்றாகப் பேசினாள். அடுத்து ஏற்புரைக்கு நான் எழுந்தேன். அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான், ஓடியது நான், உளறியது நான், துணிச்சல்காரன் அதோ பின்னால் உட்கார்ந்திருக்கிறான், பழியை ஏற்றது அவன்தான் என்று சொல்லி முடித்தேன்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பதினான்கு பேர் அவ்வளவு சத்தமாகத் தட்ட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அமைப்பாளர் மைக்கை வாங்கி, இப்படிப்பட்ட தன்னடக்கத்தை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது, நண்பனின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொள்கிறவன்தான் உண்மையான எழுத்தாளன் என்று சொல்லி எனக்குத் துண்டு போர்த்தினார். நான் மறுத்துத் தலையாட்டினேன். அதற்கும் தட்டினார்கள். கடைசி வரிசையில் அவனும் தட்டிக்கொண்டிருந்தான்.

கீழே இறங்கியதும் மகளைப் பிடித்தேன். "நான் சொன்னது நெசம் கண்ணு" என்றேன்.

அவள் கண் நிறைந்திருந்தது. "அப்பா நேத்தே சொல்லீட்டாருங்க மாமா. நீங்க மேடையில ஏறுனா பழியைத் தூக்கி உங்க மேலதான் போட்டுக்குவீங்க, உங்க கொணம் அதுன்னாரு."

உண்மையைச் சொல்லி இன்னும் பெரிய ஆளானவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவனைத் தேடிப் போனேன். அவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தான். எனக்கு வந்த கோபம் உண்மையான கோபம்.

"ஏண்டா அவகிட்ட அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? உனக்கு அந்த வேசம் வேணும்னுதான எழுதுன. வெச்சுக்க மாப்ள" என்றான். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அவ உன்னைக் கோழைன்னு நெனச்சுட்டு இருக்கறாடா."

"நெனைக்கட்டும். எம்புள்ளதான." போண்டாவைத் தின்று முடித்து விரலைக் காகிதத்தில் துடைத்தான். வண்டிச் சாவியை எடுத்தான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பயந்தாங்கொள்ளின்னு எழுதுன, அழுதேன்னு எழுதுன, அதெல்லாம் பரவால்ல. கணக்குல பதினேழுன்னு எழுதீட்டயேடா."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நான் பொன்னிறத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

முப்பத்தைந்து வருடம் கழித்தும் அவனுக்கு அந்த மார்க் ஞாபகம் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் அவனுக்குக் கடைசியாகக் கொடுத்தது அது ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் குனிந்தேன். விற்காத பிரதிகள் அங்கேதான் இருந்தன, நூற்று நாற்பதுக்குப் பக்கமாக. இவ்வளவு புத்தகம் விற்காமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான். கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி, பயந்தவனின் பதினேழை அடித்துத் தொண்ணூற்றிரண்டு என்று எழுத ஆரம்பித்தேன். "இனி என்னங்க, பரீட்சையும் நீங்களே வெச்சு மார்க்கும் நீங்களே போடறீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி சமையலறைக்குப் போனாள்.

ஒரு வாரமாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நண்பனின் மகள் வந்தாள், கல்லூரி நூலகத்துக்கு இரண்டு பிரதி வேண்டும் என்று. நான் தரையில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க மாமா பண்றீங்க?"

"ஒரு தப்பு இருக்குது கண்ணு. திருத்தீட்டு இருக்கறேன்."

"குடுங்க, நானும் திருத்தறேன்" என்று பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நான் திருத்திய பிரதி ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி செய்தாள். முதல் புத்தகம் ஆனது. இரண்டாவது ஆனது. மூன்றாவதில் பேனா நின்றது. அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே மறுபடி படித்தாள்.

"மாமா, இப்ப ரெண்டு பேருமே தொண்ணூத்திரண்டுங்களே. அப்பறம் எதுக்குங்க ஓடுனாங்க?"

ஒரு வாரமாக அவனுடைய மார்க்கை மட்டும் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என்னுடையதைத் தொடவே இல்லை. சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. என் கணக்கறிவு அவ்வளவுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினேன். துணிச்சல்காரனின் தொண்ணூற்றிரண்டை அடித்துப் பதினேழு என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இந்த முறை மேடை இல்லை, மைக் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது.

"தொண்ணூத்திரண்டு வாங்குனவரு எதுக்குங்க மாமா போகோணும்?" என்றாள் மெதுவாக.

"துணைக்கு வந்தான் கண்ணு. என்னைத் தனியா உட மனசில்லாம வந்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. மரியாதை குறைந்தது மட்டும் தெரிந்தது. அது குறைய வேண்டியதுதான். எழுந்தாள். நூலகத்துக்கு இரண்டு பிரதி என்று வந்தவள், திருத்திய அந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நண்பன் போன் செய்தான். பின்னால் லேத்து ஓடும் சத்தம் கேட்டது. அவசர ஆர்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஒருவனாக ஓட்டுவான்.

"அம்மணிகிட்ட என்னடா சொன்ன?" என்றான். மகளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "பட்டறைக்கு வந்தா. கேட்டா ஒண்ணும் பேசமாட்டேங்கறா. ரெண்டு மணி நேரமா லேத்துப் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டு இருக்கறா. ஊட்டுக்குப் போன்னா போகமாட்டேங்கறா. எதுக்கு வந்தான்னே தெரீல."

"துணைக்கு வந்திருப்பா மாப்ள" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. லேத்து ஓடிக்கொண்டிருந்தது.